பல்கலைக்கழகப் பௌதிகவியலும் மலைநாட்டு மாணவரும்

(தமிழாசிரியர் ஒருவர், உடப்புசல்லாவை)

தமிழாசிரியன் ஒருவன் பௌதிகவியலைப் பற்றி எழுதப் புகுவது நம் பழைய மாணவருட் சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். ஆயினும் உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களில் ஆசிரியப்பணி புரிவோர்க்கு இது புதிதன்று. விஞ்ஞான ஆசிரியர் மாற்றலாகிப் போவார். அவரிடத்துக்குப் பிறிதொருவர் வந்து சேர மாதங்கள் பல செல்லும். அவ்விடைக்காலத்திலே பிள்ளைகள் தம் ஐயங்களை எவரிடமேனும் கொண்டு வந்தே தீர்வர். பாடநூலைத் திறந்து, "சேர், இந்த வசனம் விளங்கவில்லை" என்பர். வசனத்துக்குப் பொருள் சொல்லத் தொடங்கினால் அதனுள்ளே பௌதிகவியல் இருக்கும். பின்னர் அதனையும் கற்றே ஆகவேண்டும். இவ்வாறு பல்லாண்டு கேட்டும் கற்றும், பல்கலைக்கழகம் புகுந்த பிள்ளைகள் விடுமுறையில் வந்து சொல்லியும் அறிந்தவற்றை இங்கு எழுதுகின்றேன்.

இக்கட்டுரை எல்லார்க்குமானதன்று. உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்தி விஞ்ஞான பீடத்துக்கோ பொறியியற் பீடத்துக்கோ தெரிவாகியும், பாடசாலையிற் பௌதிகவியலின் அடிப்படை உறுதியாக வாய்க்கப் பெறாத மாணாக்கரை நோக்கியது. அத்தகையோர் நம் மலைநாட்டில் மிகப் பலர். அதற்குக் காரணம் பிள்ளைகளின் மதியன்று, வரலாறு. இலவசக் கல்வி நாட்டுக்கு 1945 இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளோ 1970களின் பிற்பகுதி தொடங்கியே படிப்படியாக அரசின் கீழ் வந்தன. அதுவரை அவற்றுட் பெரும்பாலானவை ஐந்தாம் வகுப்போடு நின்றவை. இன்றும் நுவரெலியா மாவட்டத்திலே தமிழ்மொழி மூலம் உயர்தர விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலைகள் சிலவே. ஹற்றன் ஹைலன்ட்ஸ் கல்லூரி போன்றவற்றை நாடிப் பிள்ளைகள் நெடுந்தொலை செல்லுகின்றனர். வசதி வாய்ந்தோர் கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் போய்க் கற்றதும் உண்டு.

அனுமதி முறையும் இதனைக் கருதியே அமைந்தது. கலைத்துறை முதலிய சில நீங்கலாக, பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமையின்படியும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகையின்படியும், எஞ்சிய 5 வீதம் கல்வியிற் பின்தங்கியனவாக வகுக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. அப்பதினாறில் நுவரெலியாவும் ஒன்று, பதுளையும் ஒன்று. இவ்வழியால் வாயிலைக் கடந்த பிள்ளை, உள்ளே சென்றதும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் நல்ல ஆய்வுகூடங்களிற் பயின்ற பிள்ளைகளோடு ஒரே வாங்கில் அமர்கின்றது. விரிவுரையாளர் எல்லார்க்கும் ஒன்றையே சொல்லுவார். வினாத்தாளும் ஒன்றே. முதலாம் ஆண்டிலே தவறி விழுந்து, வீட்டாரிடம் சொல்லவும் கூசி, மெல்லப் படிப்பைக் கைவிட்டுத் திரும்பிய பிள்ளைகளை யான் அறிவேன். அவர்களுள் மந்தமான பிள்ளை ஒருவரேனும் இலர்.

பரீட்சை முடிவு வெளியாதற்கும் பல்கலைக்கழகம் கூப்பிடுதற்கும் இடையே நம் நாட்டில் நெடுங்காலம் கழிகின்றது. சில பிள்ளைகள் அக்காலத்திற் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போவர். அதனைக் குறை கூற யார்க்கும் உரிமையில்லை. வீட்டில் அடுப்பெரிய வேண்டும். ஆயினும் நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம் ஒதுக்க இயலுமாயின் அக்காலமே போதுமானது. கேள்வி யாதெனில், அவ்விரண்டு மணித்தியாலத்தில் எதனைப் படிப்பது என்பதே. பலரும் உயர்தரப் பாடத்திட்டத்தின் பதினோர் அலகுகளையும் முதலிலிருந்து மீண்டும் படிக்கத் தொடங்கி, மூன்றாவது அலகிற் சலித்து விடுகின்றனர். அது வீண். குறை அலகுகளில் இல்லை. அவற்றின் அடியிலே கிடக்கும் கணக்கிலும், கையின் பழக்கத்திலும், சொல்லிலும் இருக்கின்றது.

முதலிற் கணக்கு. உயர்தரப் பௌதிகவியல் பெரும்பாலும் நுண்கணிதம் இன்றியே நடந்துவிடும். ஐம்பது பல்தேர்வு வினாக்களை இரண்டு மணித்தியாலத்தில் முடிக்கப் பழகிய பிள்ளை, சூத்திரத்தை நினைவிலிருந்து எடுத்து எண்களை அதில் இட்டு விடைகாண வல்லது. பல்கலைக்கழகத்திலோ எண்கள் அருகிவிடும், எழுத்துகளே நிற்கும். விசை நேரத்தோடு மாறும். அடர்த்தி இடத்தோடு மாறும். மாறுகின்ற ஒன்றைக் கணிக்க வகையீடும் தொகையீடும் இன்றி வழியில்லை. இணைந்த கணிதம் கற்றோர்க்கு இவை பழகியவை. உயிரியல் பிரிவிலிருந்து விஞ்ஞான பீடத்துக்குச் சென்று பௌதிகவியலையும் ஒரு பாடமாக எடுப்போர்க்கு இவை முற்றிலும் புதியவை. அவர்கள் அஞ்சுவதும் இங்கேதான்.

அஞ்ச வேண்டியதில்லை, கருத்து எளியது. விழுகின்ற கல் ஒன்றை எண்ணுக. ஆர்முடுகலைச் செக்கனுக்குச் செக்கன் 10 மீற்றர் என வைத்துக்கொண்டால், கல் விழுந்த தூரம் நேரத்தின் வர்க்கத்தை ஐந்தாற் பெருக்கியதாகும். இரண்டு செக்கனில் 20 மீற்றர். மூன்று செக்கனில் 45 மீற்றர். இரண்டாம் செக்கன் முடிவில் அதன் வேகம் யாது? இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே 25 மீற்றர் சென்றது. ஆகவே சராசரி வேகம் 25. ஆயினும் அது முழுச் செக்கனுக்குரிய சராசரி. இடைவெளியைச் சுருக்குவோம். 2.1 செக்கனில் தூரம் 22.05, அதிகரித்தது 2.05, அதனை 0.1 ஆற் பிரிக்க 20.5. இன்னும் சுருக்கி 2.01 செக்கன் எனக் கொண்டால் தூரம் 20.2005, வேகம் 20.05. இடைவெளி சுருங்கச் சுருங்க விடை 20 ஐ நோக்கி நெருங்குகின்றது. அந்த 20 தான் அக்கணத்து வேகம். வகையீடு என்பது இவ்வளவே; எஞ்சியன இக்கணக்கை விரைந்து செய்தற்கான விதிகள். இதனைத் தாளில் தன் கையாலே ஒருமுறை செய்த பிள்ளை, விதிகளைப் பின்னர் நம்பிக்கையோடு கற்கும். விதிகளை முதலில் மனனஞ் செய்த பிள்ளை எதனை வகையிடுகின்றோம் என்பதறியாது மயங்கும்.

நுண்கணிதத்துக்கு முன்னே அட்சரகணிதம் ஓடவேண்டும். சமன்பாட்டில் வேண்டிய கணியத்தைத் தனியே பிரித்தெடுத்தல், பின்னங்களைச் சுருக்குதல், சைன் கோசைன் என்பவற்றை முக்கோணத்திற் காணுதல், மடக்கை, வரைபின் படித்திறன் ஆகியவை மூச்சு விடுதல் போல் ஆகவேண்டும். இதற்கு நுட்பமான நூல் எதுவும் வேண்டா. சாதாரண தரக் கணித நூலே போதும். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளை பத்தாம் பதினோராம் தரக் கணக்கைப் போடுவது இழுக்கன்று. நாளுக்குப் பத்துக் கணக்கு, மூன்று மாதம்.

அடுத்தது அளத்தல். உயர்தரப் பரீட்சையிற் செய்முறை பற்றிய வினாக்களும் எழுத்துத் தாளிலேயே வருகின்றமையால், வேணியர் இடுக்கிமானியைக் கையாற் றொடாமலே அதன் வாசிப்பைப் படத்திற் கண்டு விடையெழுதிச் சித்தியெய்தலாம். பல்கலைக்கழகத்திலோ வாரந்தோறும் ஆய்வுகூடம் உண்டு. அங்கே படம் இராது, கருவி இருக்கும். அன்று முதன்முதலாகக் கருவியைத் தொடுகின்ற பிள்ளை வெட்கி ஒதுங்கி நிற்க, உடன் நிற்பவன் அளவெடுப்பான், இவள் எழுதிக்கொள்ளுவாள். ஆண்டு முழுவதும் அப்படியே கழியும்.

இதற்கு வீட்டிலேயே செய்யத்தக்க பரிகாரம் ஒன்று சொல்லுவேன். லயத்து வாசலில் ஒரு நூலும் ஒரு கல்லும் கிடையாமற் போகா. நூலிற் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் அதுவே எளிய ஊசல். நேரமறியக் கைத்தொலைபேசியில் உள்ள நிறுத்தற்கடிகாரம் போதும். ஒரு மீற்றர் நீள ஊசல் ஒருமுறை போய்வர ஏறத்தாழ இரண்டு செக்கன் ஆகும். நம் விரல் கடிகாரத்தை அழுத்துவதில் ஏறத்தாழ 0.2 செக்கன் முந்தும் அல்லது பிந்தும். ஓர் அலைவை மட்டும் அளந்தால் வழு பத்தில் ஒரு பங்கு. இருபது அலைவுகளை ஒருங்கே அளந்து இருபதாற் பிரித்தால், அதே 0.2 செக்கன் நாற்பது செக்கனிற் பரவி, வழு நூற்றுக்கு அரையாகச் சுருங்கிவிடும். இருபது அலைவுகள் எண்ணுக என நூலில் ஏன் எழுதியிருக்கின்றது என்பது அப்போது விளங்கும். அதுவரை அது வெறுங் கட்டளையாகவே இருந்திருக்கும்.

இன்னும் ஓர் இடர் உண்டு. ஊசலின் நீளத்தைக் கல்லின் மையம் வரை அளக்கவேண்டும். ஆற்றங்கல்லுக்கு மையம் எங்கே? உருண்டைக் குண்டு நம்மிடம் இல்லை. கவலை வேண்டா. நூலின் நீளத்தை முடிச்சு வரை மட்டும் அளந்துகொள்க. 30, 45, 60, 75, 90 சென்றிமீற்றர் என ஐந்து நீளங்களுக்கு அலைவு காலத்தைக் கண்டு, காலத்தின் வர்க்கத்தை நூலின் நீளத்துக்கு எதிரே வரைக. நேர்கோடு கிடைக்கும். அது தொடக்கப் புள்ளியூடாகச் செல்லாது; நீள அச்சைப் பூச்சியத்துக்குச் சற்று இடப்புறத்தே வெட்டும். அவ்வெட்டுத்துண்டே முடிச்சிலிருந்து கல்லின் மையம் வரையுள்ள தூரம்! படித்திறனோ அதனாற் கெடுவதில்லை. மீற்றருக்கு ஏறத்தாழ நான்கு செக்கன் வர்க்கமாக நிற்கும். பையின் வர்க்கத்தை நான்காற் பெருக்கிப் படித்திறனாற் பிரித்தால் புவியீர்ப்பு ஆர்முடுகல் 9.8 க்கு அண்மையில் வரும். அளக்க இயலாத ஒன்றை வரைபு தானே அளந்து தந்ததோடு, வேண்டிய விடையையும் அது கெடாமற் காத்தது. பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஓராண்டு முழுவதும் கற்பிப்பது பெரும்பாலும் இந்த ஒரு பாடத்தின் விரிவே. நூலும் கல்லும் செய்த பிள்ளை அங்கே ஒதுங்கி நிற்காது.

இனி என் சொந்த நிலத்துக்கு வருகின்றேன், அது சொல். பௌதிகவியலில் ஊர்வழக்கும் நூல்வழக்கும் வேறு. பதினெட்டுக் கிலோகிராம் கொழுந்துக் கூடையோடு ஐம்பது மீற்றர் உயரம் மலையேறுகின்ற பெண், கூடையின் பொருட்டுச் செய்த வேலை ஏறத்தாழ 9,000 யூல். ஏறிய பின் நிறுவைக்காக அதே கூடையோடு அரை மணித்தியாலம் அசையாது நிற்கின்றாள். அப்போது கூடையின் மீது அவள் செய்த வேலை பூச்சியம். பூச்சியம் என்பது பௌதிகவியலின் தீர்ப்பு. அவள் தோளின் தீர்ப்பு வேறு, துரையின் கணக்கு இன்னும் வேறு. அசையாமல் நிற்கும்போதும் அவள் தசைநார்கள் உள்ளே சுருங்கி விரிந்து சக்தியைச் செலவிடுகின்றன. அச்சக்தி கூடைக்குப் போவதில்லை, வெப்பமாகின்றது. ஒரு சொல்லின் நூற்பொருளை இவ்வாறு வாழ்க்கைப் பொருளோடு உரசிப் பார்த்தாலன்றி அது மனத்திற் பதியாது.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு மயக்கமும் உண்டு. இந்நாட்களிற் பலரும் தமிழ்நாட்டு நூல்களையும் காணொளிகளையும் நாடுகின்றனர். நல்லதே. ஆயினும் ஈழத்துக் கலைச்சொல்லும் தமிழகத்துக் கலைச்சொல்லும் சில இடங்களில் ஒன்றையொன்று இடறுகின்றன. நாம் பௌதிகவியல் என்பதை அவர்கள் இயற்பியல் என்பர்; ஆர்முடுகல் அவர்க்கு முடுக்கம்; சக்தி ஆற்றல்; வலு திறன். இவை வேறு சொற்களாதலின் தீங்கில்லை. தீங்கு ஒரே சொல் இருபொருள் படும் இடத்தில். நாம் நிறை என்பது புவி இழுக்கும் விசை. அவர்கள் நிறை என்பது நாம் சொல்லும் திணிவு, விசைக்கு அவர்கள் சொல் எடை. நமக்கு வேகம் திசையோடு கூடியது, திசையற்றது கதி. அவர்க்கு வேகம் திசையற்றது, திசையோடு கூடியது திசைவேகம். நமக்கு அழுத்தம் மின்னியலில் வரும். அவர்க்கு அழுத்தம் நாம் அமுக்கம் என்பதே. இதனை அறியாத பிள்ளை இரண்டு நூல்களையும் மாறி மாறிப் படித்து, இரண்டிலும் பிழை இருப்பதாக எண்ணும். ஆதலின் ஒரு கொப்பியில் மூன்று நிரல் வரைந்து, ஈழத்துச் சொல், தமிழகத்துச் சொல், ஆங்கிலச் சொல் என எழுதி வருக. இருநூறு சொற்கள் சேர்ந்தாற் போதும்.

நம் சொற்களிற் சில மிக நயமானவை என்பதையும் தமிழாசிரியன் என்ற முறையில் சொல்லாது விடல் இயலாது. அளவும் திசையும் உடைய கணியத்தை நாம் காவி என்கின்றோம். காவுதல் சுமத்தல், காவடியில் இருப்பதும் அச்சொல்லே. ஆங்கிலத்தார் வெக்ரர் என்பதன் இலத்தீன் மூலமும் சுமந்து செல்வது என்றே பொருள்படும். திணிவு என்பதோ திணிந்திருப்பது. நியூற்றன் 1687 இல் வெளியிட்ட பிரின்சிப்பியாவின் முதல் வரையறையிலேயே பொருளின் அளவை அடர்த்தியும் பருமனும் சேர்ந்து தருவதாகக் கூறினார். ஆர்முடுகலின் முடுகு யாப்பிலக்கணத்து முடுகு வண்ணத்தில் விரைந்தோடும் அதே முடுகு. சொல்லின் வேரை அறிந்த பிள்ளைக்கு வரையறையைத் தனியே மனனஞ் செய்ய வேண்டுவதில்லை.

ஆங்கிலமோ தப்பவொண்ணாதது. விஞ்ஞான பீடங்களில் விரிவுரை ஆங்கிலத்திலேயே நடக்கும். பிள்ளைகள் கலைச்சொற்களுக்கே அஞ்சுகின்றனர். ஆனால் அவை விரைவிற் பழகிவிடும், ஏனெனின் ஒவ்வொரு விரிவுரையிலும் நூறுமுறை வரும். உண்மையிலே இடறச் செய்வன சிறிய சொற்கள். கணக்கில் 'லைற் ஸ்ரிங்' என்று வந்தால் விளக்கு அன்று, திணிவு இல்லாததாகக் கொள்ளத்தக்க இழை. 'ஸ்மூத்' என்றால் அழகிய வழவழப்பன்று. உராய்வு இல்லை என்னும் உத்தரவு. 'நெக்லிஜிபிள்' என்றால் அதனைக் கணக்கிலிருந்து நீக்குக. 'ரெஸ்பெக்ரிவ்லி' என்றால் நிரல்நிறையாகப் பொருத்துக. நிரல்நிறை நம் அணியிலக்கணத்தில் உள்ளதே. 'ஹென்ஸ்' என்றால் முன் பகுதியின் விடையைக் கொண்டே அடுத்ததைச் செய்க. வேறு வழியாற் செய்தால் புள்ளி கிடையாமற் போகலாம். இத்தகைய முப்பது நாற்பது சொற்களைப் பழைய வினாத்தாள்களிலிருந்து பொறுக்கி எழுதி வைப்பது, தடித்த ஆங்கில இலக்கண நூல் ஒன்றைப் படிப்பதினும் பயன் மிக்கது.

நாற்புறமும் உள்ள பொருள்களை வினாவாக மாற்றும் பழக்கமும் வேண்டும். நம்மவர் 'இஸ்டோர்' என வழங்கும் தேயிலைத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். நூறு கிலோகிராம் பச்சைக் கொழுந்தில் 78 கிலோகிராம் நீர் எனக் கொண்டால் உலர்பொருள் 22. முடிந்த தேயிலையில் நூற்றுக்கு மூன்று பங்கே நீர். ஆகவே தேயிலையின் திணிவு 22 ஐ 0.97 ஆற் பிரிக்க ஏறத்தாழ 22.7 கிலோகிராம். ஒரு கிலோகிராம் தேயிலைக்கு நாலரைக் கிலோகிராம் அளவு கொழுந்து வேண்டும் என இஸ்டோரிற் சொல்லுவதோடு இது ஒத்திருக்கின்றது. போன நீர் 77.3 கிலோகிராம். ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 23 இலட்சம் யூல் வேண்டும். மொத்தம் ஏறத்தாழ 17.8 கோடி யூல். உலர்ந்த விறகு ஒரு கிலோகிராம் எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி யூல் தரும். எனவே ஒரு சிறிதும் வீணாகாவிடின் பன்னிரண்டு கிலோகிராம் விறகு.

கணக்கு இங்கே முடிந்தது. பௌதிகவியல் இங்கேதான் தொடங்குகின்றது. நீரின் கணிசமான பகுதி அடுப்புக்குப் போகுமுன்னரே, கொழுந்தை வாட்டும் தட்டுகளிற் காற்று வீசும்போதே போய்விடுகின்றதே, அதற்கான வெப்பம் எங்கிருந்து வந்தது? காற்றிலிருந்து, ஆகவே கொழுந்தைக் கடந்த காற்று குளிர்ந்திருக்கும். மழை நாளில் வாட்டுதல் ஏன் தாமதிக்கின்றது? காற்றின் சாரீரப்பதன் உயர்ந்திருப்பதால். வாட்டும் மாடியில் ஈரக்குமிழ், உலர்குமிழ் என இரண்டு வெப்பமானிகளை ஏன் பக்கம்பக்கமாகத் தொங்கவிடுகின்றனர்? அவ்விரண்டின் வேறுபாடே காற்றின் தாகத்தை அளக்கும். பாடநூலிற் படமாக மட்டும் கண்ட ஈரமானி, தாய் தந்தையர் நாள்தோறும் போய்வரும் கட்டடத்தில் தொங்கிக்கொண்டிருக்கின்றது என்பதைப் பல பிள்ளைகள் அறியார். இவ்வாறே நுவரெலியாவில் நீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியசிலேயே கொதிப்பதும், பருப்பு வேக நேரம் செல்வதும், கடல்மட்டத்துக்கு மேல் 1,870 மீற்றர் அளவில் வளியமுக்கம் குறைவதன் விளைவு. கொழும்பு மாணவன் நூலிற் படிப்பதை நம் பிள்ளை அடுப்பிற் கண்டிருக்கின்றது. கண்டதை எண்ணாக மாற்றத் தெரிந்தால் முந்தி நிற்பது யார்?

தனியே முயன்று கற்றல் இயலுமா என ஐயுறுவோர்க்கு விபுலாநந்த அடிகளின் இளமையை நினைவூட்டலாம். 1892 இல் காரைதீவிற் பிறந்த மயில்வாகனனார் முதலிற் பயிற்றப்பட்ட ஆசிரியராகவே வெளிவந்தார். பின்னர் கொழும்பிலே விஞ்ஞான டிப்ளோமாப் பெற்றார். 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்விற் சித்தியெய்தினார். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டே தாமாகப் பயின்று 1920 இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் றமிழ்ப் பேராசிரியரானவரும் அவரே. 1947 இல் வெளிவந்த யாழ் நூலிலே பண்டை இசைச் சுரங்களின் அதிர்வெண் விகிதங்களைக் கணித்துக் காட்டுதற்கு அப்பௌதிகப் பயிற்சியே துணைநின்றது.

பரடேயையும் பலர் எடுத்துக்காட்டுவர். 1791 இற் பிறந்த கொல்லன் மகன். புத்தகம் கட்டும் கடையிலே ஏழாண்டு தொழில் பயின்றவர். கணிதம் அதிகம் அறியாமலே மின்காந்தத் தூண்டலைக் கண்டவர். உண்மையே. ஆனால் கணிதம் இன்றியே பௌதிகவியல் கற்கலாம் என்பதற்கு அவரைச் சான்றாகக் காட்டுதல் கூடாது. அவர் கருத்துகளைச் சமன்பாடுகளாக்க மக்ஸ்வெல் வேண்டியிருந்தது. இன்றைய பல்கலைக்கழகமும் மக்ஸ்வெல்லின் மொழியிலேயே பேசுகின்றது.

நூல்களைப் பற்றிச் சுருங்கச் சொல்லுவேன். தேசிய கல்வி நிறுவகத்தின் தமிழ் வளநூல்கள் அடிப்படைக்குப் போதும். பழைய தமிழ்ப் பாடநூல்கள் பல நூலகம் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலத்தில் நெல்கன், பாக்கர் எழுதிய உயர்தரப் பௌதிகவியல் நூல் நம் நாட்டுப் பாடசாலை நூலகங்களிற் பழைய பதிப்பாகவேனும் அகப்படும். பழையது என ஒதுக்க வேண்டா. பல்கலைக்கழக மட்டத்துக்கு ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்ட பௌதிகவியல் நூல் இணையத்தில் இலவசம். பெய்ன்மனின் விரிவுரைகளும் 2013 முதல் இணையத்தில் இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. ஆயினும் அவற்றோடு தொடங்குதல் தகாது. 1961 முதல் 1963 வரை கலிபோர்னியாவில் நிகழ்த்தப்பட்ட அவ்விரிவுரைகள் அங்குள்ள தேர்ந்த மாணவர்க்கே கடினமாயிருந்தன. மாணாக்கர் நோக்கில் அவை நன்கு பயன்பட்டனவா என்னும் ஐயத்தைப் பெய்ன்மனே முன்னுரையில் வெளியிட்டிருக்கின்றார். இரண்டாம் ஆண்டிற் படித்தால் இன்பம் தரும். இன்னொன்று: உயர்தரத்தில் விஞ்ஞானமே கற்க வாய்க்காதவர்க்கும் கதவு முற்றாக அடைபட்டதன்று. 1980 இல் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகம் ஆயத்தக் கற்கை ஒன்றின் வழியே விஞ்ஞானப் பட்டத்துக்கு வழி வைத்திருக்கின்றது.

பல்கலைக்கழகம் புகுந்தபின் முதல் ஆறு வாரங்களே பெரிதும் தீர்மானிப்பன. விரிவுரை முடிந்த அன்றிரவே குறிப்பைத் தன் சொல்லில், வேண்டின் தமிழிலேயே, திருப்பி எழுதுக. விளங்காத வரியின் பக்கத்தில் வினாக்குறி இடுக; மறுநாள் அவ்வினாக்குறியோடு விரிவுரையாளரிடமோ உதவி விரிவுரையாளரிடமோ போய் நிற்க. "ஒன்றும் விளங்கவில்லை" என்று சொல்லும் பிள்ளைக்கு எவரும் உதவ இயலாது, "இந்த வரியிலிருந்து அடுத்த வரி எப்படி வந்தது?" எனக் கேட்கும் பிள்ளைக்கு விடையளிக்க மறுப்பார் இலர். ஆய்வுகூடத்திற் கருவிக்கு அருகில் நிற்க; முதல் வாசிப்பை நீரே எடுக்க. முதலாம் பரீட்சையிற் புள்ளி குறைந்தால் வீட்டுக்கு அறிவிக்க.

நம் பழைய மாணவருள் ஓய்வுபெற்ற பொறியியலாளரும் ஆசிரியரும் பலர் உளர். ஆண்டுக்கு ஆறு சனிக்கிழமைகளை ஒதுக்கி இராகலைக்கோ உடப்புசல்லாவைக்கோ வர இயலுமாயின், பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகளை ஒரு வகுப்பறையிற் கூட்டி வைப்பது உள்ளூர் ஆசிரியராகிய எங்கள் பொறுப்பு. பணம் அனுப்புவதினும் கருவி அனுப்புதல் நன்று: வேணியர் இடுக்கிமானி இரண்டு, நுண்மானித் திருகுக் கணிச்சி இரண்டு, விற்றராசு ஒன்று, பன்மானி ஒன்று, குவிவு வில்லைகள் நான்கு, வெப்பமானிகள் ஆறு. வெப்பமானி மட்டும் சற்று மிகையாகவே இருக்கட்டும். அது முதல் வாரத்திலேயே உடையும்.